சட்டை தொலைத்த பேட்டரி

'இந்த மெக்கானிக் திருடன். நாளை முதல் உள்ளே விடக் கூடாது.'

விமானக் கொட்டகையின் கரும்பலகையில் கொட்டை எழுத்தில் எழுதியிருந்தது. அதற்குக் கீழே, கவிழ்த்துப் போட்ட வாளியின் மேல், அந்த மெக்கானிக்கே உட்கார்ந்திருந்தார். அவர் என் மச்சான். என் மனைவியின் கூடப்பிறந்த அண்ணன்.

என் கல்யாணத்திலிருந்து எங்கள் வீட்டு மிக்ஸி, ஃபேன், இஸ்திரிப்பெட்டி எதையும் கடைக்குக் கொடுக்க விடாதவர். அவர் கை வைத்தால் எது வேண்டுமானாலும் ஓடும். ஓடும்போது பக்கத்து வீட்டுக்காரர் எழுந்து வந்து என்ன ஆச்சு என்று கேட்பார், அது வேறு விஷயம். ஆனால் அடுத்தவர் பொருளில் ஒரு திருகாணியைக்கூட எடுத்துத் தன் பாக்கெட்டில் போட்டுக்கொள்ள மாட்டார். இது எனக்குத் தெரியும். கரும்பலகைக்குத் தெரியவில்லை.

"வேலை போனா போகட்டும் மாப்ள," என்றார். "திருடன்கிற பேரோட எப்படிப் போறது? இனிமே எந்தக் கொட்டகையில என்னை வாசப்படி ஏத்துவாங்க?"

சொல்லும்போதே அழுதுவிட்டார். ஆறடி ஆள் வாளி மேல் உட்கார்ந்து அழுவதைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை. பொறுக்காததற்கு இன்னொரு காரணமும் இருந்தது. அவருடைய கருவிப் பெட்டிகளெல்லாம் காலையிலேயே என் வீட்டுக் கூடத்தில் வந்து இறங்கிவிட்டன. கூடவே ஓர் உடைந்த விமானக் காற்றாடி. அதைத் தாண்டிக் குதித்துத்தான் சமையலறைக்குப் போக வேண்டும். வேலை போனால் காற்றாடிக்குப் பின்னாலேயே மச்சானும் வருவார்.

"அழாதீங்க," என்றார் மேடம். "நீங்க அழுதா எனக்கும் வரும். அப்புறம் மூணு கண்ணாடியையும் துடைக்கணும்."

மேடம் என் முதலாளி. துப்பறியும் நிபுணர். முன்பு இன்சூரன்ஸ் கம்பெனியில், 'தானாகவே' தீப்பிடித்த கடைகளைப் போய்ப் பார்த்துவரும் வேலையில் இருந்தவர். எப்போதும் மூன்று கண்ணாடி வைத்திருப்பார். ஒன்று கிட்டப் பார்க்க, ஒன்று எட்டப் பார்க்க. தலை மேல் ஏற்றி வைத்திருக்கும் மூன்றாவது பொய்யைப் பார்க்க என்பார். நான் ஒருநாள் எடுத்துப் பார்த்தேன், அதில் கண்ணாடியே இல்லை.

நான் அவருடைய உதவியாளன். கார் ஓட்டுவது, பை தூக்குவது, முட்டாள்தனமாகக் கேள்வி கேட்பது, இவை மூன்றும் என் வேலை. கடைசி வேலைக்கு நான் தனியாக மெனக்கெட்டதில்லை. அன்றைக்குப் புது வெள்ளைச் சட்டை போட்டிருந்தேன். கல்யாண நாளுக்கு மனைவி வாங்கிக் கொடுத்தது. "இதுல ஒரு பொட்டு அழுக்குப் பட்டாலும் வீட்டுக்கு வராதீங்க," என்று சொல்லித்தான் பொத்தானே போட்டுவிட்டாள்.

"முதல்ல எழுதினவரைப் பார்ப்போம்," என்றார் மேடம்.

எழுதியவர் விமானப் பயிற்சிப் பள்ளியின் முதலாளி. பள்ளிக்கு இருப்பது ஒரே ஒரு சின்ன விமானம். முதலாளிக்கு இருப்பது ஒரே ஒரு மின்விசிறி. அது அவரை மட்டும் பார்த்துச் சுற்றிக்கொண்டிருந்தது. அறையில் எங்கு பார்த்தாலும் சிவப்பு ரிப்பன். சாவிக்கொத்தில் ரிப்பன், திரைச்சீலையில் ரிப்பன், உடைந்த நாற்காலிக் கையைச் சேர்த்துக் கட்டியதும் ரிப்பன்.

"யாருக்காவது கல்யாணமா சார்?" என்று கேட்டேன்.

"மூட்டையா வாங்கினேன். பாதி விலைக்கு வந்துச்சு," என்றார் பெருமையாக. "வாங்கினதுலேர்ந்து கயிறு, கம்பி, பட்டை எதுவுமே வாங்கறதில்ல. எல்லாத்துக்கும் ரிப்பன்தான்."

பிறகு விஷயத்துக்கு வந்தார். விமானத்துக்கு வாங்கிப் போட்ட புது பேட்டரிகள் ஒன்றன்பின் ஒன்றாக மூன்று செத்துவிட்டன. பேட்டரி செத்தால் என்ஜின் கிளம்பாது. பறக்கும்போது செத்தால் ரேடியோவும் வாயை மூடிக்கொள்ளும். ஆகவே மெக்கானிக் புது பேட்டரியை வெளியில் விற்றுவிட்டு, பழைய பேட்டரிக்குச் சாயம் பூசி மாட்டிவிடுகிறார். இது முதலாளியின் கணக்கு.

"ஆதாரம்?" என்றார் மேடம்.

"நான் என்ன விரல் சூப்பறவனா? ஒவ்வொரு புது பேட்டரி மேலயும் ரகசியமா என் போட்டோவை ஒட்டி அனுப்பினேன். பாஸ்போர்ட் சைஸ். அவனுக்கும் தெரியாது. இப்ப செத்துக் கிடக்கற பேட்டரியில என் போட்டோ இல்ல. அப்ப அது என் பேட்டரியே இல்ல. விடிஞ்சா போலீஸுக்குச் சொல்லப் போறேன்."

மச்சானின் கருவிப் பெட்டிகளைக் கூடத்தில் எந்தச் சுவரோரம் அடுக்கலாம் என்று என் மனசு அது பாட்டுக்குக் கணக்குப் போட ஆரம்பித்தது.

என் முகத்தைப் பார்த்து இரக்கப்பட்டோ என்னவோ, முதலாளி காபி கொடுத்தார். மேஜை மேலிருந்த சாப்பாட்டுப் பையைத் திறந்து ஒரு பாட்டிலை எடுத்தார். பையில் மஞ்சள் பூப்போட்ட துணி, சிவப்பு ரிப்பனில் கைப்பிடி. பக்கவாட்டில் வட்டமாக ஓர் ஓட்டை, அதன் வழியே ஒரு ஸ்பூனின் வால் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. காலையில் வீட்டில் ஊற்றிய காபி என்றார். மதியம் தாண்டிவிட்டதே, ஆறிப்போய்த்தான் இருக்கும் என்று நம்பி ஒரே மடக்காக விழுங்கினேன்.

நாக்கு வெந்துவிட்டது.

"ஆ," என்றேன். அதற்கு மேல் எதுவும் சொல்ல வாய் வரவில்லை.

"பார்த்தீங்களா," என்று முதலாளி பூரித்துப்போனார். "பிளாஸ்க் இல்ல சார், வெறும் பாட்டில். எல்லாம் பையோட மகிமை. என் வீட்டுக்காரி கைவேலை. ஸ்பூனுக்குன்னு தனியா வழி வச்சிருக்கா பாருங்க, என்ன மூளை."

"ரொம்பச் சுடுதா?" என்று மேடம் என்னைக் கேட்டார். அக்கறையாகக் கேட்கிறார் என்று நினைத்து நாக்கை நீட்டிக் காட்டினேன். எட்டப் பார்க்கும் கண்ணாடியைக் கழற்றி, கிட்டப் பார்க்கும் கண்ணாடியை மாட்டிக்கொண்டு என் நாக்கைப் பார்த்தார். பிறகு பையைப் பார்த்தார். பிறகு, "விமானத்தைப் பார்ப்போம்," என்று எழுந்துவிட்டார். எனக்கு ஒரு வாய் தண்ணீர் கொடுக்க வேண்டும் என்று அங்கே யாருக்கும் தோன்றவில்லை.

விமானம் கொட்டகை வாசலில் நின்றது. மச்சான் அதன் மூக்கு மூடியைத் திறந்து காட்டினார். முன்னால் என்ஜின். அதை ஒட்டிப் புகைக்குழாய். அதற்கு ஒரு முழம் பின்னால், ஒரு தகரப் பெட்டிக்குள் பேட்டரி. இரண்டு பக்கமும் உப்பி, கன்னத்தில் மிட்டாய் அடக்கிய குழந்தை மாதிரி உட்கார்ந்திருந்தது.

மச்சான் அதை வெளியே எடுத்து வைத்தார். மேடம் மூக்கு படும் தூரத்துக்குக் குனிந்தார்.

"இங்க ஏதோ கறை இருக்கே. கறுப்பா, வளைஞ்சு."

நானும் குனிந்து பார்த்தேன். பேட்டரியின் பக்கவாட்டில் பழுப்பாக ஒரு சதுரக் கறை. அதன் நடுவில் கறுப்பாக ஒரு மீசை. முகம் கிடையாது, மூக்கு கிடையாது, மீசை மட்டும்.

மேடம் காலிப் பெட்டிக்குள் கையை விட்டுத் துழாவினார். அடியிலிருந்து, காய்ந்த இலை போல் சுருண்டு கிடந்த ஒரு காகிதத்தை எடுத்தார். பிரித்துப் பேட்டரியின் மேல் வைத்தார். கண், நெற்றி, காது எல்லாம் மீசையோடு வந்து சேர்ந்துகொண்டன. கொஞ்சம் தீய்ந்திருந்தாலும் முதலாளிதான்.

"இது உங்க மீசைதானே?"

முதலாளி தன் மீசையைத் தடவிப் பார்த்துக்கொண்டார். "என்னுது மாதிரிதான் இருக்கு."

"அப்ப இது உங்க பேட்டரிதான். யாரும் மாத்தல. சூட்டுல வெந்திருக்கு. போட்டோ ஒட்டின பசை உருகி நீங்க கழண்டு விழுந்துட்டீங்க. மீசை மட்டும் பிடிவாதமா நின்னுருக்கு."

நான் மச்சானைப் பார்த்து வெற்றிச் சிரிப்புச் சிரித்தேன். அது எனக்கு அரை நிமிஷம்கூட நிலைக்கவில்லை.

"சரி," என்றார் முதலாளி. "விக்கல. அப்ப வேக வச்சது யாரு? சூடு படாம பார்த்துக்கறதுக்குத்தானே இவனுக்குச் சம்பளம்? திருடன் இல்லைன்னா கவனக்குறைவு. எப்படிப் பார்த்தாலும் வெளியதான் போகணும்."

மச்சானுக்கு ரோஷம் வந்துவிட்டது. வாளியை எட்டி உதைத்துவிட்டுப் பேசினார்.

"கவனக்குறைவா? கேளுங்க மேடம். பேட்டரியை என்ஜின் பக்கத்துல வைக்கறதே அடுப்புப் பக்கத்துல குடியிருக்கற மாதிரி. அதனால மூணு காவல் வச்சிருக்கு. ஒண்ணு, இந்தத் தகரப் பெட்டி. ரெண்டாவது, மூக்குல முன்னாடி அடிக்கற காத்தைப் பிடிச்சு நேரா இங்க கொண்டாந்து விடற குழாய். ஆனா பறக்கறப்பதான் காத்து வரும். கீழ இறங்கி என்ஜினை நிறுத்தினதும் காத்து நின்னுரும், சூடு நிக்காது. அப்பதான் உள்ள வேகும். பிள்ளைங்க பழகற விமானம், நாள் முழுக்க ஏர்றதும் இறங்கறதுமா இருக்கும். அதுக்குத்தான் மூணாவது காவல். சட்டை."

"சட்டையா?" என்றேன். வெந்த நாக்கோடு.

"வெள்ளி கோட்டிங் போட்ட கெட்டித் துணி மாப்ள. நெருப்புப் பிடிக்காது. இந்தப் பெட்டி அளவுக்கு அளந்து, காத்துக்குழாய் நுழையறதுக்குப் பக்கத்துல வட்டமா ஒரு ஓட்டை விட்டு, நானே தைச்சு மாட்டுவேன். சூட்டை உள்ள விடாது. ஒவ்வொரு புது பேட்டரிக்கும் ஒரு சட்டை. மூணு தைச்சேன். அடுத்த தடவை பேட்டரியைப் பார்க்க வர்றப்ப சட்டையைக் காணோம், பேட்டரி உப்பியிருக்கும். இவர்கிட்ட சொன்னேன். சாக்குச் சொல்றேன்னார். துணி ரோலும் தீர்ந்துருச்சு."

"சட்டையைத் திருட யாரு வருவா? அதையும் இவனே வித்திருப்பான்," என்றார் முதலாளி. அவருக்கு எல்லா வழியும் கரும்பலகையில்தான் போய் முடிந்தது.

மேடம் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. பெட்டியின் காலில் ஒரு விரல் நீளத்துக்குத் தொங்கிய சிவப்பு ரிப்பன் துண்டைப் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இது?"

"சட்டையைக் கட்டற ஸ்டீல் பட்டை அறுந்திருச்சு. புதுசு கேட்டேன். மூட்டை ரிப்பன் இருக்கறப்ப பட்டை எதுக்குன்னு கேட்டார். சூடு படாத பக்கமா முடிச்சுப் போட்டு இதாலதான் கட்டினேன்."

"அறுந்திருந்தா நார் நாரா தொங்கும். எரிஞ்சிருந்தா கருகியிருக்கும்," என்றார் மேடம். "இதை யாரோ அவிழ்த்திருக்காங்க. நிதானமா, நகத்தால நோண்டி, ரிப்பன் கசங்காம. திருடனுக்கு அவ்வளவு பொறுமை இருக்காது. இங்க அப்படிப் பொறுமையான ஆள் யாரு?"

மச்சான் வானத்தைப் பார்த்தார். "ஒருத்தர் இருக்கார். ஆனா அவரைப் பத்தி நான் பேசறதில்ல. அவரும் என்கிட்ட பேசறதில்ல."

அவர்தான் கேப்டன். பிள்ளைகளுக்கு விமானம் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர். நாலு வருஷத்துக்கு முன்னால் ஒருநாள் கேப்டன் விமானத்தை இறக்கும்போது அது மூன்று தடவை துள்ளித் துள்ளித் தரையைத் தொட்டதாம். மச்சான் மூன்று தடவை கை தட்டினாராம். அன்றோடு பேச்சு வார்த்தை நின்றுபோனது. எண்ணெய் வேண்டுமென்றால்கூட ஒருவர் கரும்பலகையில் எழுதுவார், மற்றவர் படித்துவிட்டு அழிப்பார்.

"வெறும் கையை மட்டும் தட்டினீங்களா மச்சான்?" என்று கேட்டேன்.

"விசிலும் அடிச்சேன்," என்று ஒப்புக்கொண்டார்.

கேப்டன் கொட்டகையின் மறுகோடியில் தன் தொப்பியைத் துடைத்துக்கொண்டிருந்தார். மேடம் உடனே அவரிடம் போகவில்லை. முதலாளியின் சாவிக்கொத்திலிருந்து ஒரு ரிப்பனை அவிழ்த்து வாங்கி, என் புதுச்சட்டையின் காலர் பொத்தானில் கட்டிவிட்டார்.

"இறக்கைப் பக்கத்துல போய் நில்லுங்க. அசையக் கூடாது."

"எதுக்கு மேடம்?"

"எதுக்குன்னு தெரிஞ்சா முகத்துல காட்டிருவீங்க."

போய் நின்றேன். மேடம் கேப்டனிடம் போய், விமானம் எப்படிப் பறக்கிறது என்று தெரிந்துகொள்ள ஆசைப்படும் ஆள் மாதிரி பேச்சுக் கொடுத்தார். கேப்டன் உருகிவிட்டார். இறக்கையைக் காட்டி விளக்கிக்கொண்டே விமானத்தைச் சுற்றி வந்தார். வாலைத் தடவினார், சக்கரத்தை மிதித்தார், என்னிடம் வந்தார். பேச்சை நிறுத்தாமல், என் முகத்தைக்கூடப் பார்க்காமல், என் காலரில் இருந்த முடிச்சை நகத்தால் நோண்டி நிதானமாக அவிழ்த்தார். ரிப்பனை நான்காக மடித்துத் தன் பாக்கெட்டில் போட்டுக்கொண்டார். மேலே நடந்தார்.

"கேப்டன்," என்றார் மேடம். "இப்ப என்ன பண்ணீங்க?"

"என்ன பண்ணேன்?"

"அவர் காலர்ல இருந்ததை எடுத்து பாக்கெட்ல போட்டீங்க."

கேப்டன் பாக்கெட்டுக்குள் கையை விட்டுப் பார்த்தார். உள்ளேயிருந்து வரிசையாகப் பல ரிப்பன்கள் வந்தன. ஏதோ மேஜிக் மேடையில் நிற்பவர் போல் அவரே அதைப் பார்த்து ஆச்சரியப்பட்டார்.

"சிவப்பு ரிப்பன் தொங்கினா கழட்டணும்," என்றார். "நின்னுட்டிருக்கற விமானத்துல காத்து போற வாயையெல்லாம் மூடி போட்டு மூடி வச்சிருப்போம். மறக்கக் கூடாதுன்னு ஒவ்வொரு மூடியிலயும் சிவப்பு ரிப்பன் தொங்கும். கிளம்பறதுக்கு முன்னாடி ரிப்பன் இருக்கறதையெல்லாம் கழட்டிறணும். ஒண்ணை விட்டுட்டுப் பறந்தா, வேகம் காட்டற முள் எழும்பாமலே படுத்துக் கிடக்கும். இத்தனை வருஷமா ஒரு தடவைகூட விட்டதில்ல. கை தானா போகும்."

"நான் விமானமா சார்?" என்றேன்.

"விமானத்துப் பக்கத்துல நின்னீங்க. சந்தேகத்துக்கு எடம் கொடுக்கக் கூடாது."

"எண்ணெய் பார்க்க மூக்கைத் திறப்பீங்கல்ல," என்றார் மேடம். "பேட்டரி மேல இருந்த வெள்ளித் துணி?"

"ஆமா, அதுலயும் ரிப்பன் இருந்துச்சு. மூணு தடவை கழட்டியிருக்கேன். ராத்திரி குளிருக்குப் போர்த்தி விட்டுட்டுப் போறான், நல்ல அக்கறைன்னு மனசுக்குள்ள பாராட்டிக்கூட இருக்கேன்."

"வாயைத் திறந்து பாராட்டியிருக்கலாமே."

"பேசறதில்லையே," என்றார் கேப்டன், இதென்ன கேள்வி என்பது போல.

தள்ளி நின்ற மச்சான் முகத்தை மூடிக்கொண்டார். விரல் சந்து வழியாகச் சிரிப்பா அழுகையா என்று தெரியாத ஒரு சத்தம் வந்தது. நாலு வருஷம் முன்னால் அந்த விசிலை மட்டும் அடிக்காமல் இருந்திருந்தால் மூன்று பேட்டரிகளும் இன்று உயிரோடு இருந்திருக்கும்.

"கழட்டி எங்க வச்சீங்க?"

"கழட்டினதைப் போட ஒரு எடம் உண்டு. முதலாளி மேஜைக்கு அடியில இருக்கற மரப்பெட்டி."

எல்லோரும் முதலாளியின் அறைக்கு ஓடினோம். மேஜைக்கு அடியில் நான்தான் தவழ்ந்து நுழைந்தேன், சட்டையை ஒரு கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டு. மரப்பெட்டி காலியாக இருந்தது.

முதலாளி கேப்டனைப் பார்த்தார், கேப்டன் மச்சானைப் பார்த்தார். "இப்ப தெரியுதா?" என்றார் முதலாளி. "இவன்தான் உள்ள வந்து எடுத்து வித்திருக்கான். நான் முதல்லேர்ந்து சொல்றேன்."

மச்சான் அப்படியே சுவரில் சாய்ந்துவிட்டார். எனக்குக் கோபம் கோபமாக வந்தது. ஒரு மனுஷனை இதற்கு மேல் எத்தனை தடவைதான் திருடன் என்பார்கள்?

மேடம் நாற்காலியில் சாவகாசமாக உட்கார்ந்தார். "இன்னொரு காபி கிடைக்குமா? இவருக்கு."

"எனக்கு வேண்டாம்," என்றேன். சூடு கண்ட பூனை அடுப்பங்கரைக்குப் போகாது என்பார்கள். நான் அந்தப் பாட்டில் இருந்த திசைக்கே போகவில்லை.

"பரவாயில்ல, பையை மட்டும் கொடுங்க," என்று மேடம் அதை வாங்கி மூக்கருகே கொண்டுபோனார். "சாப்பாட்டுல கொஞ்ச நாளா ஏதாவது வாசனை வருதா?"

முதலாளியின் குரல் இறங்கியது. "வருது மேடம். வண்டி எண்ணெய் மாதிரி. வீட்டுக்காரிகிட்ட எப்படிச் சொல்றது? அவ சமையலைக் குறை சொல்லிட்டு வீட்ல குடியிருக்க முடியுமா? வாயை மூடிட்டுச் சாப்பிட்டுக்கிட்டிருக்கேன்."

மேடம் பைக்குள்ளிருந்து டப்பாக்களையும் பாட்டிலையும் ஸ்பூனையும் எடுத்து மேஜையில் வைத்தார். பிறகு பையை உட்புறம் வெளிப்புறமாகத் திருப்பினார். மஞ்சள் பூக்கள் உள்ளே போயின. வெளியே பளபளவென்று வெள்ளித் துணி வந்தது.

மின்விசிறி அப்போதும் முதலாளியைப் பார்த்துச் சுற்றியது.

"அந்தப் பேட்டரியைக் கொண்டாங்க," என்றார் மேடம்.

மச்சான் ஓடிப்போய்ப் பெட்டியோடு தூக்கி வந்தார். சாப்பாட்டுப் பையின் வாயைப் பிரித்துப் பிடித்து உள்ளே இறக்கினார். பெற்ற தாய் அளவெடுத்துத் தைத்த மாதிரி நாலு பக்கமும் கச்சிதமாக உட்கார்ந்தது. ஸ்பூன் ஓட்டை சரியாகப் பெட்டியின் காற்றுக்குழாய் வாய்க்கு நேரே வந்து நின்றது.

"ஸ்பூனுக்குத் தனி வழி," என்றேன். சொல்லாமல் இருக்க முடியவில்லை.

முதலாளி வீட்டுக்கு போன் போட்டார். மேடம் ஸ்பீக்கரை அழுத்தினார்.

"ஏங்க, சாப்பிட்டாச்சா?" என்று அவர் வீட்டுக்கார அம்மாவின் குரல் வந்தது.

"அது இருக்கட்டும். இந்தப் பைக்கு உள்துணி ஏது?"

"நீங்கதானே கொண்டாந்தீங்க. மேஜைக்கு அடியில வேண்டாத துணி கிடந்துச்சு, வீணாப் போக வேணாம்னு. தைச்ச பையாட்டமே இருந்துச்சு, பழைய திரைச்சீலையை மேல போட்டு மூட்டினேன், அவ்வளவுதான்."

"மொத்தம் மூணு கொண்டாந்தேன்ல?" முதலாளிக்கு வியர்த்தது. "மத்த ரெண்டும்?"

"ஒண்ணு இஸ்திரி மேஜை மேல விரிச்சிருக்கேன். இன்னொண்ணு உங்க ஸ்கூட்டர் சீட்டுக்குப் போட்டேனே. வெயில்ல நிறுத்தினாலும் உட்கார்ந்தா சுடறதே இல்லைன்னு ஊரெல்லாம் சொல்லிட்டுத் திரியறீங்க, மறந்துட்டீங்களா? ஆமா, சாப்பாடு சூடா இருந்துச்சா?"

"சூடாதான் இருக்கு," என்று சொல்லி போனை வைத்தார்.

நுணலும் தன் வாயால் கெடும். காபியைப் பீற்றிக்கொள்ளாமல் இருந்திருந்தால் மேடத்துக்கு அந்தப் பையின் மேல் கண் போயிருக்காது. என் நாக்கும் பிழைத்திருக்கும்.

"விமானத்துச் சாமான்னா இரும்புல இருக்கும், நம்பர் போட்டிருக்கும்னு நினைச்சேன்," என்றார் முதலாளி ஈனஸ்வரத்தில். "இது வெறும் துணியா இருந்துச்சு."

"சட்டை காணோம்னு சொன்னப்ப, எப்படி இருக்கும்னு ஒரு வார்த்தை கேட்டீங்களா?" என்றார் மேடம்.

"கேட்கல."

"திருடன்னு எழுதறதுக்கு மட்டும் சாக்பீஸ் இருந்துச்சு."

முதலாளி எழுந்து கொட்டகைக்குப் போனார். நாங்களும் பின்னாலேயே போனோம். சட்டைக்கையாலேயே கரும்பலகையைத் துடைத்தார். அழியாத இடத்தில் எச்சில் தொட்டு அழித்தார். மச்சான் அசையாமல் நின்றார்.

"அழிச்சா போதாது," என்றார் மச்சான். "எழுதினதை எல்லாரும் படிச்சாச்சு. வாயால சொல்லணும்."

முதலாளி தொண்டையைக் கனைத்துக்கொண்டார். "நீ திருடன் இல்லப்பா. உன் பேட்டரியோட சட்டையில சோறு கட்டிட்டு வந்து, இன்னொரு சட்டை மேல உட்கார்ந்து வண்டி ஓட்டி, மூணாவது சட்டை மேல துணி தேய்ச்சுப் போட்டுக்கிட்டு, உன்னைத் திருடன்னு எழுதினேன் பாரு, நான்தான் தப்பு. மனசுல வச்சுக்காதே. ஸ்டோர்ல புது பேட்டரி இருக்கு, எடுத்துக்கோ." கொஞ்சம் தயங்கினார். அடுத்த வார்த்தை அவருக்கு நெஞ்சிலிருந்து பிடுங்கிக்கொண்டு வந்தது. "ஸ்டீல் பட்டையும் வாங்கிக்கோ."

மச்சான் மூன்று சட்டைகளில் கைக்குக் கிடைத்த அந்த ஒன்றை எடுத்து, பூத்துணியின் தையலைப் பிளேடால் பிரித்துத் தள்ளிவிட்டு, புது பேட்டரிக்கு மாட்டினார். இருந்த ரிப்பனையெல்லாம் உருவிப் போட்டுவிட்டு, என் கார் டிக்கியில் பழைய சாமான்களோடு கிடந்த ஓர் எஃகுப் பட்டையால் இறுக்கினார். மூக்கை மூடும் முன் கொஞ்ச நேரம் யோசித்தார். பிறகு கேப்டன் நின்ற பக்கமாகத் திரும்பினார்.

"இதுல ரிப்பன் இல்ல. கழட்டாதீங்க."

"ரிப்பன் இல்லைன்னா தொட மாட்டேன்," என்றார் கேப்டன்.

நாலு வருஷத்தில் அவர்கள் பேசிக்கொண்ட முதல் பேச்சு அது. கேப்டன் ஏறி உட்கார்ந்து சாவியைத் திருப்பினார். காற்றாடி ஒரு சுற்றுக்கூட முரண்டு பிடிக்காமல் சுழன்றது. மச்சான் கை தட்டப் போய், சட்டென்று கையை இறக்கிக்கொண்டார். தட்ட முடியாத அந்தக் கைகளை என்ன செய்வதென்று தெரியாமல் என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டு ஓவென்று அழுதார். எனக்கும் கண் கலங்கிவிட்டது. அதனால் முதுகில் என்ன நடக்கிறது என்று கவனிக்கவில்லை.

வீட்டில் காற்றாடியைத் தாண்டிக் குதித்ததும்தான் மனைவி பார்த்தாள். புது வெள்ளைச் சட்டையின் முதுகில், பத்து விரலும் தெளிவாக, இரண்டு எண்ணெய்க் கைகள்.

"யாரு கை இது?"

"உங்க அண்ணன் கை."

"வேலை?"

"இருக்கு. திருடன்னு சொன்னவரே எல்லார் முன்னாடியும் இல்லைன்னு சொல்லிட்டாரு."

திட்டு வரும் என்று தோளைக் குறுக்கிக்கொண்டு நின்றேன். அவள் என்னைத் திருப்பி நிறுத்தி அந்த இரண்டு கைகளையும் ரொம்ப நேரம் பார்த்தாள். மூக்கை உறிஞ்சினாள்.

"கழட்டிக் கொடுங்க," என்றாள். "துவைக்க வேணாம். அப்படியே மொட்டை மாடியில கொடியில போடுறேன். எங்க அண்ணன் கை சுத்தம்னு தெருவே பார்க்கட்டும்."